களை மருந்தில் எண்ணெய் கலப்பது: எதற்குச் சரி, எதற்குக் கூடாது

(அறக்கட்டளை நடத்திய விவசாயிகள் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



களை மருந்து வாங்கும்போது சில மருந்துகளுக்குக் கூடவே ஒரு துணை பாட்டிலும் தருவார்கள். அதை வீண் செலவு என்று விட்டுவிட்டு, டேங்கில் மண்ணெண்ணெயும் சோப்புத் தூளும் கலக்கிற பழக்கம் நம் பக்கத்தில் இருக்கிறது. கேட்டால், "நல்லாப் பிடிக்குது பாய்" என்கிறார்கள். எது பிடிக்கிறது, எப்படிப் பிடிக்கிறது என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

சேம்பு இலையில் தண்ணீர் ஊற்றினால் உருண்டு ஓடிவிடும். இலைமேல் உள்ள மெழுகுதான் காரணம். எல்லாச் செடிக்கும் கூடக்குறைய அந்த மெழுகு உண்டு. மருந்துத் துளி அதன்மேல் முத்தாக நின்று, உள்ளே இறங்குமுன் காய்ந்துவிட்டால் நாம் கொடுத்த காசு காற்றோடு போனது. துணை பாட்டிலில் இருப்பது இரண்டு வகை. ஒன்று, துளியை இலையில் பரப்பிவிடுவது. மற்றது எண்ணெய் வகை. இது மெழுகை இளக்கி, துளி காய்வதையும் தாமதப்படுத்தி, மருந்தை உள்ளே இறக்கும். சோயா போன்ற வித்து எண்ணெயை மெத்தனாலுடன் வினைப்படுத்தி, தண்ணீரோடு கலக்கும் பொருளும் சேர்த்து இதைத் தயாரிக்கிறார்கள். சமையலறை எண்ணெயை ஊற்றினால் இந்த வேலை நடக்காது. அது டேங்கில் தனியாக மிதக்கும்.

உளுந்து, நிலக்கடலையில் புல்லுக்கு அடிக்கிற குயிசலோஃபாப் போன்றவை எண்ணெயோடு சேரும் குணமுள்ளவை. தண்ணீரில் ஊற்றினால் பால்போல வெளுக்கும். எண்ணெய் வகைத் துணை இந்த மாதிரி மருந்துகளுக்கே அதிகம் உதவும். மக்காச்சோளத்துக்கு அடிக்கும் டோப்ரமிசோனும் வித்து எண்ணெய்த் துணையோடு போவதுதான்.

கிளைபோசேட் அப்படியல்ல. அது தண்ணீரில் கரைவது, எண்ணெயால் அதற்குப் பெரிய பலன் இல்லை. அதைக் கெடுப்பது நம் போர் தண்ணீர். உப்புத் தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து மருந்தைப் பிடித்துக்கொள்கிறது, கலங்கல் தண்ணீரில் உள்ள களிமண்ணும் அப்படியே. அதனால்தான் அம்மோனியம் சல்பேட்டை முதலில் கரைத்து, பிறகு மருந்தை ஊற்றச் சொல்கிறார்கள். சோப்போ அந்தத் தண்ணீரில் திரிந்து நாசிலை அடைக்கும். கிளைபோசேட்டைப் பூச்சிக் கட்டுப்பாட்டு உரிமம் பெற்றவர்கள் மட்டுமே அடிக்கலாம் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு ஆணையிட்டதும் பலருக்குத் தெரியவில்லை.

மண்ணெண்ணெய்க்கு வருவோம். 1940களில் அமெரிக்காவில் கேரட் வயல்களில் ஒருவகைப் பெட்ரோலிய எண்ணெயையே களைக்கொல்லியாக அடித்தார்கள். கேரட் அதைத் தாங்கியது, களைகள் கருகின. நம் உளுந்து கேரட் அல்லவே! மண்ணெண்ணெய் பட்டு இலை கருகுவதைப் பார்த்து "மருந்து பிடித்தது" என்கிறோம். மேலிலை கருகிவிட்டால் மருந்து வேர்வரை போவதும் தடைப்படும். கோரை மறுபடி முளைக்கும்.

சரியான எண்ணெயே ஆனாலும் அளவு மீறினால், உச்சி வெயிலில் அடித்தால், பயிரும் சேர்ந்து கருகலாம். அட்டையில் எழுதிய அளவுதான் கணக்கு. அட்டையில் துணை எண்ணெய் சேர்க்கச் சொல்லாவிட்டால் சேர்க்காதீர்கள்.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை, டேங்கைத் தோளில் சுமக்கிறவரைப் பற்றியது. இலையின் மெழுகை இளக்கும் பொருள் நம் தோலின் எண்ணெய்ப் பசையை மட்டும் விட்டுவைக்குமா? கிளைபோசேட்டோடு சேர்த்துவந்த ஒரு துணைப்பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2016இல் அந்த மருந்திலிருந்து விலக்கியது. மருந்தோடு துணைப்பொருளும் நஞ்சாகலாம் என்பது அதில் தெரிகிறது. கூலிக்கு அடிக்க ஆள் வைப்பவர்கள் கையுறையும் முழுக்கைச் சட்டையும் வாங்கிக் கொடுங்கள். கூலியில் பிடிக்காதீர்கள்.

மேலில் சிந்தினால் உடனே சட்டையைக் கழற்றி, சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். மண்ணெண்ணெயால் துடைக்காதீர்கள். யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். எண்ணெய் கலந்த மருந்து நுரையீரலுக்குள் போய்விடும். மருந்து பாட்டிலையும் துணை பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்கு ஓடுங்கள். எது உள்ளே போயிருக்கிறது என்று டாக்டர் அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்.