ஒரு சொட்டு ரத்தம் காட்டும் எண்ணை எவ்வளவு நம்பலாம்?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை. இவர் மருத்துவப் பரிசோதனைக் கூடத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்.)



"சார், வருஷத்துக்கு ஒரு தடவை லேப்ல என்னென்ன டெஸ்ட் எடுக்கணும்னு சொல்லுங்க, போதும்" என்றுதான் செயலாளர் என்னை அழைத்தார். நான் லேபுக்குப் போகாமலே வீட்டில் பார்த்துக்கொள்ளும் டெஸ்ட்டைப் பற்றிப் பேசப்போகிறேன். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

போன கோடையில் என் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். 71 வயது, இன்சுலின் போடுகிறவர். மதியம் மாம்பழம் தோல் சீவி எல்லோருக்கும் நறுக்கிக் கொடுத்தார். தான் ஒரு துண்டுகூட வாயில் வைக்கவில்லை. கையைச் சேலையில் துடைத்துவிட்டு மெஷினில் பார்த்தால் 342! "அஞ்சாறு யூனிட் கூட்டிப் போட்டுக்கிறேன்டா தம்பி" என்று ஊசியை எடுத்துவிட்டார். நான் தடுத்து, சோப்புப் போட்டுக் கையைக் கழுவி ஈரம் போகத் துடைக்கச் சொல்லி, வேறு விரலில் பார்த்தேன். 148. அந்த ஊசியைப் போட்டிருந்தால் சர்க்கரை தாழ்ந்து சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடியிருப்போம்.

மெஷினில் கோளாறு இல்லை. விரலில் ஒட்டியிருந்த மாம்பழச் சாற்றையும் சேர்த்து அது சரியாகத்தான் அளந்தது. துளிச் சாறு எப்படி இவ்வளவு பெரிய வித்தியாசம் காட்டும் என்று கேட்பீர்கள். அது தெரிய, அந்தப் பட்டைக்குள் நடப்பது தெரிய வேண்டும்.

பட்டையின் நுனியில் மயிரிழை போல ஒரு வாய்க்கால் இருக்கிறது. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல அது ரத்தத்தைத் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். பம்பு, மோட்டார் எதுவும் கிடையாது. உள்ளே தடவியிருக்கும் நொதி சர்க்கரையோடு வினைபுரிய, மிகச் சிறிய மின்சாரம் உண்டாகிறது. அதைத்தான் மெஷின் எண்ணாக மாற்றிக் காட்டுகிறது. ஒரு சொட்டு ரத்தம் ஏறக்குறைய 50 மைக்ரோலிட்டர் என்றால், இன்றைய பல பட்டைகளுக்கு ஒரு மைக்ரோலிட்டர்கூடத் தேவையில்லை. அவ்வளவு குறைந்த ரத்தத்தில் விரலில் இருக்கும் இத்துனூண்டு பழச்சாறு கலந்தாலும் கணக்கே மாறிவிடும். குறைந்த ரத்தம் போதும் என்பதுதான் இந்தக் கருவியின் பலம். அதன் பலவீனமும் அதுவேதான்.

இப்படி நுண்ணிய வாய்க்கால்களில் திரவத்தை ஓடவிட்டுச் சோதிக்கும் தொழில்நுட்பத்துக்கு மைக்ரோஃப்ளூயிடிக்ஸ் என்று பெயர். பெரியாறு கால்வாயில் வரும் தண்ணீர் கிளை வாய்க்கால்களாகப் பிரிந்து மேலூர்ப் பக்கம் வயல் வயலாகப் பாய்கிறதல்லவா? அதையே ஒரு தபால்தலை அளவுக்குச் சுருக்கினால் எப்படியோ, அப்படி. ஒவ்வொரு 'வயலிலும்' ஒரு ரசாயனம் காத்திருக்கும். தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பயன்படும் ஐ-ஸ்டாட் என்ற கைக்கருவி, இரண்டு மூன்று சொட்டு ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம் போன்றவற்றைச் சில நிமிடங்களில் படுக்கை அருகிலேயே சொல்லிவிடுகிறது.

நம் நாட்டிலும் நல்ல வேலைகள் நடந்திருக்கின்றன. பெங்களூரின் அச்சிரா லேப்ஸ் நிறுவனத்தார், ரசாயனம் தோய்த்த பட்டு நூலைத் தறியில் நெய்து பரிசோதனைப் பட்டை செய்யலாம் என்று 2011-இல் காட்டினார்கள். கோவாவின் மோல்பயோ நிறுவனத்தின் ட்ரூநாட், சிறு சிப்பில் காசநோய்க் கிருமியின் மரபணுவைக் கண்டுபிடிக்கும் கருவி. பேட்டரியிலும் ஓடும். 2020-இல் உலக சுகாதார நிறுவனம் அதை ஏற்றுக்கொண்டது. நம் தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டு வாசலுக்கே வந்து சர்க்கரை பார்க்கிறார்களே, அதுவும் இந்தச் சிறு பட்டை இருப்பதால்தான் முடிகிறது.

ஏமாற்றிய கதையும் உண்டு. அமெரிக்காவில் 2003-இல் தொடங்கிய தெரனோஸ் என்ற நிறுவனம், விரல்நுனி ரத்தத்திலேயே ஏராளமான டெஸ்ட் எடுத்துவிடுவோம் என்றது. கோடி கோடியாகப் பணம் வந்தது. கருவி சொன்னபடி வேலை செய்யவில்லை என்பது 2015-இல் பத்திரிகையில் வெளியானது. முதலீட்டாளர்களை ஏமாற்றிய வழக்கில் நிறுவனர் எலிசபெத் ஹோம்ஸ் குற்றவாளி என்று 2022 ஜனவரியில் தீர்ப்பானது. ஒரு சொட்டில் சில டெஸ்ட்களை நன்றாக எடுக்கலாம். எல்லாவற்றையும் எடுக்கலாம் என்று யாராவது விற்க வந்தால் யோசியுங்கள்.

இனி நம் வீட்டுக்கு வருவோம்.

வீட்டு மெஷின்களுக்கு உலக அளவில் உள்ள தர விதி என்ன தெரியுமா? 100-க்கு மேல் உள்ள அளவுகளில் 15 சதவீதம் வரை கூடக்குறைய இருக்கலாம். அதாவது உண்மையில் 200 என்றால் 170 காட்டினாலும் 230 காட்டினாலும் மெஷின் பாஸ்தான். அதனால் நேற்று 182, இன்று 195 என்று கவலைப்பட்டு ராத்திரிச் சாப்பாட்டை விடாதீர்கள். இரண்டு வார எண்களை எழுதி வைத்து டாக்டரிடம் காட்டுங்கள்.

அடுத்தது நம் மதுரை வெயில். பல பட்டை டப்பாக்களில் 30 டிகிரிக்குள் வைக்கும்படி அச்சிட்டிருக்கிறது. நமக்கு ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரி சாதாரணம். மொட்டை மாடிக்குக் கீழே உள்ள வீடுகளில் ஜன்னல் ஓரமும், வெயிலில் நிற்கும் காரும் பட்டைக்கு ஆகாது. பிரிட்ஜிலும் வைக்க வேண்டாம், ஈரம் கோக்கும். வீட்டில் குளிர்ச்சியான அறையில், அதன் டப்பாவிலேயே, மூடியை இறுக மூடி வையுங்கள்.

ரத்தசோகை உள்ளவர்களுக்கு மெஷின் கூடுதலாகக் காட்டலாம். அவர்கள் டாக்டரிடம் இதைச் சொல்லிக் கேட்டுக்கொள்ள வேண்டும். சர்க்கரை நோய் இருக்கிறதா இல்லையா என்று முடிவுசெய்ய வீட்டு மெஷின் போதாது. அதற்கு லேப்தான்.

உங்கள் மெஷினைச் சரிபார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. அடுத்த முறை வெறும் வயிற்றில் லேபில் ரத்தம் கொடுக்கும்போது மெஷினையும் எடுத்துப் போங்கள். அதே நேரத்தில் விரலிலும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். லேப் ரிப்போர்ட்டுக்கும் அதற்கும் 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் புதுப் பட்டை டப்பா ஒன்றில் பாருங்கள். அப்போதும் வந்தால் மெஷினை மாற்றுங்கள்.

எண் சந்தேகமாக இருந்தால் கையைக் கழுவித் துடைத்து மறுபடி பாருங்கள். ஆனால் ஒரு விஷயத்தில் காத்திருக்கக் கூடாது. வியர்த்து, கை நடுங்கி, 70-க்குக் கீழே காட்டினால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்துப் பாருங்கள். நினைவு தடுமாறினால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.

கடைசியாக, சங்கத்தின் சார்பில் ஒரு வேண்டுகோள். விரலில் குத்தும் ஊசியைக் குப்பைப் பையில் அப்படியே போடாதீர்கள். அந்தப் பையைப் பிரிப்பது நம் துப்புரவு அம்மாக்களின் வெறும் கை. 2016 திடக்கழிவு விதிகளிலேயே வீட்டில் பயன்படுத்திய ஊசிகள் அபாயக் கழிவு என்று வகைப்படுத்தப்பட்டிருந்தன. கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் சேர்த்து, மூடி, மேலே 'ஊசி' என்று எழுதித் தனியாகக் கொடுங்கள். ஒருவர் குத்திய ஊசியை இன்னொருவர் பயன்படுத்தவும் கூடாது, கணவன் மனைவியாக இருந்தாலும்.

இன்று வீட்டுக்குப் போனதும் பட்டை டப்பாவில் காலாவதித் தேதியைப் பாருங்கள். சந்தேகம் இருப்பவர்கள் மெஷினோடு என் வீட்டுக்கு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம். கையை மட்டும் கழுவிக்கொண்டு வாருங்கள்.