வரலாற்று வகுப்பில் ஒரு கேள்வி



பள்ளிக்கூடத்திற் கற்கும் பாடங்களுள் வீட்டாரின் பேச்சோடு அடிக்கடி முரண்படுவது வரலாறு. ஏழும் ஐந்தும் பன்னிரண்டு என்றால் எந்தப் பாட்டனாரும் மறுப்பதில்லை. ஆனால், ஒரு குளத்தைக் கட்டியவர் யார், ஒரு கோயிலை இடித்தவர் யார் என்ற பேச்சு எழும்போது, பாடநூலுக்கு ஒரு விடையும், பாட்டனாருக்கு ஒரு விடையும், அடுத்த ஊராருக்கு வேறொரு விடையும் இருத்தல் கூடும். ஆதலால், பதினொன்று முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு வரலாறு கற்பிக்கும் வகுப்பில், மணியடித்ததும் வாய்மூடி அமர்வது மாத்திரம் ஒழுங்காகிவிடாது. அதனினும் ஆழமான ஓர் ஒழுங்கு வேண்டும். அது யாது என்பதைத் தம்பலகாமத்து வகுப்பறை ஒன்றை மனத்திற் கொண்டு இன்று ஆராய்வோம்.

தம்பலகாமம், திருகோணமலைத் துறைமுகத்தின் உட்குடா ஒன்றுக்குத் தன் பெயரைத் தந்த ஊர். கந்தளாய்க் குளத்து நீரால் விளையும் வயல்களை உடையது. ஆதி கோணநாயகர் கோயில் கொண்டிருக்கும் தலம். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வாழும் பிரதேசம். இங்கே வரலாறு கற்பிக்கப் புகும் ஆசிரியர், உலகத்தை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை. அது குடாக்கடல் வழியாக முன்னமே வந்து சேர்ந்திருக்கிறது.

ஒரு பாடவேளை நாற்பது நிமிடம். அதனை எவ்வாறு பகுத்துக்கொள்வது? ஆசிரியர் வகுப்பினுள் நுழைந்ததும் கரும்பலகையில் ஒரு கேள்வியை எழுதிவிடுதல் நல்ல வழக்கம். மாணாக்கர் கொப்பியைத் திறந்து ஐந்து நிமிடத்துள் விடை எழுதுவர். நேற்றைய பாடமும் இன்றைய பாடமும் இதனால் தொடர்புறும். அறுவடைக் காலத்தில் வயலில் உதவிவிட்டுச் சற்றுப் பிந்தி வரும் பிள்ளையும், எவரையும் வினவாமல் கரும்பலகையைப் பார்த்தே வகுப்போடு சேர்ந்துகொள்ளலாம். ஒழுங்கு என்பது பிந்தியவரை வாயிலில் நிறுத்திவைப்பதற்கன்று, உள்ளே அழைத்துக்கொள்வதற்கே.

இரண்டாவது வழக்கம், எந்நிகழ்ச்சியையும் அதன் இடத்திலும் காலத்திலும் நிறுத்திப் பார்த்தல். சுவரில் ஓர் உலகப் படமும், ஆண்டுகள் குறித்த அட்டைகள் கோத்த ஒரு நீண்ட கயிறும் இருந்தாற் போதும். ஓர் உதாரணம் கூறுகிறேன்.

1782 ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் ஆங்கிலேயர் திருகோணமலைக் கோட்டையை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றினர். அவ்வாண்டு ஆகஸ்ட் இறுதியிலேயே, சப்ரேன் என்னும் பிரான்சியத் தளபதி அதனை ஆங்கிலேயரிடமிருந்து பறித்தார். செப்ரெம்பர் 3 ஆம் நாள் இரு கடற்படைகளும் துறைமுகத்துக்கு அப்பாற் பொருதன. ஓராண்டுக்குள் ஒரு கோட்டை இருமுறை கைமாறியது ஏன்? விடை தேடும் பிள்ளை கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிச் செல்லவேண்டும். 1780 இறுதியில் ஆங்கிலேயர் ஒல்லாந்தர்மீது போர் தொடுத்தனர். 1778 இல் பிரான்சு, அமெரிக்கக் குடியேற்றவாசிகளுக்குத் துணையாகப் போரிற் புகுந்தது. அக்குடியேற்றவாசிகளோ 1773 இல் பொஸ்ரன் துறைமுகத்திலே தேயிலைப் பெட்டிகளைக் கடலில் எறிந்தவர்கள். அத்தேயிலை நம் மலைநாட்டினது என்று பிள்ளை எண்ணக்கூடும். அது சீனத் தேயிலை. இலங்கையில் தேயிலைப் பயிர்ச்செய்கை பெருந்தோட்டமாகத் தொடங்கியது 1867 இலே. இந்தச் சிறு திருத்தமே காலவரிசையின் பயனை உணர்த்திவிடும். பொஸ்ரனில் எழுந்த பூசல் திருகோணமலையிற் பீரங்கியாக முழங்கியது என்பதைத் தானே கண்டறிந்த பிள்ளைக்கு, உலக வரலாறு பிறர் ஊர்க் கதையாகத் தோன்றாது.

மூன்றாவது வழக்கமே இன்றைய பேச்சின் உயிர்நாடி. வகுப்பில் எவர் எதைச் சொன்னாலும், "அதை எப்படி அறிவோம்?" என்று வினவுதல். மாணாக்கனை மாத்திரமன்று, பாடநூலையும் வினவுதல். ஆசிரியர் தம்மையும் வினவ இடங்கொடுத்தல்.

கந்தளாய்க் குளத்தையே எடுத்துக்கொள்வோம். அதனைக் கட்டுவித்தவன் குளக்கோட்டன் என்பது தமிழர் மரபு. கோணேசர் கல்வெட்டு என்னும் நூல் அவன் திருப்பணிகளை விரித்துரைக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் ஆண்ட இரண்டாம் அக்கபோதி மன்னன் கட்டுவித்தான் என்பது சூளவம்சம் தரும் செய்தி. வகுப்பில் ஒரு பிள்ளை ஒன்றையும் மற்றொரு பிள்ளை மற்றொன்றையும் சொன்னால், ஒருவனை அமரச்செய்து மற்றவனைப் பாராட்டும் ஆசிரியர் இருவருக்கும் வரலாற்றைக் கற்பித்தவராகார். நூல் எம்மொழியில், எக்காலத்தில், எவர்பொருட்டு எழுதப்பட்டது என்று கேட்கப் பழக்குதலே கற்பித்தலாகும். கோணேசர் கல்வெட்டுப் பிற்காலத்து நூல். சூளவம்சத்தின் அப்பகுதியும் அக்கபோதிக்குப் பல நூற்றாண்டுகளின் பின்னர்ப் பாளியில் எழுதப்பட்டதே. இன்னும், 11 ஆம், 12 ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டுகள் கந்தளாய்ப் பகுதியிற் கிடைத்துள்ளன. அக்காலத்தில் அங்கே தமிழ் வழங்கியது என்பதற்கு அவை சான்று. குளத்தைக் கட்டியவர் யார் என்பதற்கு அவை சான்றாகமாட்டா. ஒரு சான்று எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று பிரித்தறியும் பிள்ளை, வாழ்நாள் முழுவதும் எளிதில் ஏமாறாது.

சில வேளை சான்று நம் எதிர்பார்ப்பைக் குலைத்துவிடும். திருகோணமலைக்கு அண்மையில் பெரியகுளத்தருகே வெல்காம விகாரை என்னும் பௌத்தப் பள்ளியின் சிதைவுகள் உள்ளன. அங்குள்ள தமிழ்க் கல்வெட்டுகள் அதனை இராசராசப் பெரும்பள்ளி என்று குறிக்கின்றன. சோழப் பேரரசனின் பெயர் தாங்கிய பௌத்தப் பள்ளி. அதற்குத் தானம் அளித்தோர் கொடையைத் தமிழிலே பொறித்துள்ளனர். தமிழென்றால் சைவம், பௌத்தமென்றால் சிங்களம் என்று வகுத்து வைத்திருக்கும் மனத்துக்கு இக்கற்கள் அமைதியாக விடை கூறுகின்றன.

கோணேசர் ஆலயத்தைப் போர்த்துக்கேயர் இடித்தனர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது 1622 இல் நிகழ்ந்ததென்பாரும் 1624 இல் நிகழ்ந்ததென்பாரும் உளர். ஆலயத்துத் திருவுருவங்கள் காக்கப்பெற்றுப் பின்னர்த் தம்பலகாமத்திற் பிரதிட்டை செய்யப்பெற்றன என்பது மரபு. ஆண்டில் ஐயம் இருப்பதை ஆசிரியர் மறைக்கவேண்டியதில்லை. மறைத்தால், பிறிதொரு நாள் வேறு நூலில் வேறு ஆண்டைக் காணும் மாணாக்கன் இரண்டையுமே பொய்யென்று தள்ளிவிடுவான்.

நான்காவது வழக்கம் நாவடக்கத்தைப் பற்றியது. பிறனொருவன் கூற்றை மறுக்க விரும்பும் மாணாக்கன், முதலில் அக்கூற்றைத் தன் வாயாற் சரியாக எடுத்துக்கூற வேண்டும். கூறியவன், "ஆம், யான் சொன்னது இதுவே" என்று ஒப்பிய பின்னரே மறுப்பு. இது நம்மவருக்குப் புதியதன்று. பிறர் கொள்கையை முன்வைத்துப் பின்னர்த் தம் கொள்கையை நிறுவுதல் நம் சாத்திர நூலோர் போற்றிய நெறியேயாகும்.

இறுதி ஐந்து நிமிடத்தில் ஒவ்வொருவரும் இரு வாக்கியங்கள் எழுதுவர்: இன்று அறிந்தது யாது, அதனை எப்படி அறிந்தேன். ஆசிரியர் அவற்றைப் படித்துத் திருத்தி, அடுத்த பாடத்துக்குள் திருப்பிக் கொடுக்கவேண்டும். மாணாக்கரிடம் ஒழுங்கை எதிர்பார்ப்பவர், கொப்பிகளை மேசையில் மாதக்கணக்காய் அடுக்கி வைத்திருத்தல் தகாது.

நேயர்களே, இவ்வளவு கவனம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். 1983 முதல் 2009 வரை நம் நாட்டிற் போர் நிகழ்ந்தது. இம்மாவட்டத்தில் அதன் தழும்பு படாத சமூகம் இல்லை. இன்றைய பிள்ளைகள் அப்போரைக் கண்டதில்லை. ஆனால் அதன் துயரைத் தாய்தந்தையரின் முகத்திற் கண்டிருக்கிறார்கள். வீட்டின் துயரை வகுப்பிற் சொல்லும்படி எந்தப் பிள்ளையையும் வற்புறுத்தலாகாது. தானே சொல்ல முன்வந்தால் இடைமறியாது கேட்கவேண்டும். 1986 ஏப்ரலில் கந்தளாய்க் குளத்தின் அணை உடைத்ததைக் கண்ட முதியோர் இன்றும் உளர். அவர்களை வினவிக் குறித்துவருமாறு பணித்தால், நினைவும் ஒரு சான்றே என்பதையும், இருவர் நினைவு வேறுபடலாம் என்பதையும் பிள்ளைகள் அமைதியாகக் கற்பர்.

பெற்றோருக்கும் ஒரு சொல். பிள்ளை வீட்டுக்கு வந்து, "அப்பா, அதை எப்படி அறிவீர்கள்?" என்று கேட்டால், அதனை எதிர்ப்பேச்சாகக் கொள்ளாதீர்கள். அறிந்ததைச் சொல்லுங்கள், கேள்வியால் அறிந்ததாயின் கேள்வியால் அறிந்தது என்றே சொல்லுங்கள். நேற்றைய வழக்குகளை இன்றைய பிள்ளைகள் பகையாக அன்றி ஆராய்ச்சியாகப் பெற்றுக்கொள்வார்களாயின், ஒரே வாய்க்கால் நீரைப் பகிர்ந்துண்ணும் இவ்வூர்களுக்கு அதனினும் சிறந்த விளைச்சல் வேறில்லை.