எளியோர்க்கு ஏற்ற ரைபிள்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இம்மேடையில் ஆண்டுதோறும் புலவர் பெருமக்கள் சிலம்பைப் பற்றியும் கம்பனைப் பற்றியும் பேசக் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். இவ்வாண்டு செயலாளர் அவர்கள், பார்சல் ஆபீசில் ரசீது எழுதிக்கொண்டிருக்கும் என்னைப் பிடித்து நிறுத்தி, துப்பாக்கியைப் பற்றிப் பேசு என்று கட்டளையிட்டுவிட்டார். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்தவன் நான். ஆயினும் இப்பொருளோடு எனக்குச் சிறிது பழக்கம் உண்டு. பள்ளி நாளில் தேசிய மாணவர் படையில் சேர்ந்து, தரையில் குப்புறப் படுத்து, ‘பாயிண்ட் 22’ ரைபிளால் முதன்முதலாக ஐந்து குண்டுகள் சுட்டேன். அவற்றுள் இரண்டு பக்கத்துப் பையனின் தாளில் விழுந்தன. அவனுக்குப் பரிசு கிடைத்தது. எனக்கு ஆசை பிறந்தது.

2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் ரைபிள் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலப் பதக்கம் வென்றார். அப்போட்டியில் இந்தியர் ஒருவர் பெற்ற முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. அவர் மத்திய இரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர் என்று கேட்டதும், நம் இரயில்வேக் குடும்பங்களில் எத்தனை மகிழ்ச்சி! அன்று முதல் காலனியில் என்னைக் காண்போர் கேட்பது ஒன்றே. “சார், பையனுக்கு ஒரு ரைபிள் வாங்கலாம் என்று நினைக்கிறேன். குறைந்த விலையில் எது நல்லது?”

அக்கேள்விக்கு விடை சொல்வதே இன்றைய என் வேலை. விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதலில் சுடுதளம், அடுத்துக் காகிதம், அதன்பின் அளவு, கடைசியில்தான் துப்பாக்கி. இந்த வரிசையில் நடப்பவனுக்குச் செலவு குறைவு. வரிசையை மாற்றுபவனுக்கு, இனாமாக வந்த ரைபிளும் விலை மிகுந்ததே.

அன்பர்களே! இலக்குச் சுடுதலுக்கு இருவகை ரைபிள்கள் உள்ளன. ஒன்று காற்றழுத்தத்தால் இயங்கும் ஏர் ரைபிள். அரைக் கிராம் அளவே எடையுள்ள 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டைப் பத்து மீட்டர் தூரத்துத் தாளுக்கு அனுப்புவது அது. 2008இல் பீஜிங்கில் அபிநவ் பிந்த்ரா தங்கம் வென்றதும், நம் ஐதராபாத்தில் வளர்ந்த ககன் நாரங் 2012இல் இலண்டனில் வெண்கலம் வென்றதும் இவ்வகையில்தான். நாரங் பிறந்தது சென்னையில் என்பதையும் இச்சபையில் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

மற்றது, மருந்துத் தோட்டாவால் சுடும் பாயிண்ட் 22 போல்ட் ரைபிள். கதவின் தாழ்ப்பாளைத் தூக்கிப் பின்னுக்கு இழுத்து, மறுபடியும் முன்னே தள்ளி மடக்குகிறோம் அல்லவா? அதே வேலைதான். இழுக்கும்போது சுட்ட தோட்டாவின் கூடு வெளியே விழும். தள்ளும்போது புதுத் தோட்டா உள்ளே போகும். மடக்கும்போது குழலின் வாய் இறுகப் பூட்டிக்கொள்ளும். அசையும் உறுப்புகள் குறைவாதலால் பழுதும் குறைவு, குறியும் நன்று. ஒவ்வொரு குண்டுக்கும் கை நின்று வேலை செய்ய வேண்டியிருப்பதால், அவசரக்காரனுக்கும் நிதானம் வந்துவிடும். போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து வைத்தால், உள்ளே தோட்டா இல்லை என்பதை எவரும் கண்ணால் கண்டுகொள்ளலாம். கற்றுக்கொள்பவனுக்கு இதைவிட நல்ல அமைப்பு வேறில்லை.

அமெரிக்காவில் சாவேஜ் என்றும், செக் நாட்டில் சி.இசட். என்றும், எளியோர் வாங்கும் விலையில் இத்தகைய ரைபிள்கள் உண்டு. அவற்றைப் பற்றிப் படித்துவிட்டு நம் இளைஞர்கள் ஏங்குகிறார்கள். இங்கே நிலை வேறு. வெளிநாட்டு ரைபிளை நினைத்தவுடன் வரவழைக்கச் சாதாரணக் குடிமகனுக்கு வழியில்லை. தேர்ந்த போட்டி வீரர்களுக்கே அச்சலுகை. நமக்கு எட்டுவது, வங்காளத்து இஷாப்பூர்த் தொழிற்சாலையின் பாயிண்ட் 22 ரைபிள், அல்லது உரிமம் பெற்றவரிடமிருந்து கைமாறி வரும் பழைய ரைபிள்.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, பாயிண்ட் 22 ரைபிளுக்கு உரிமம் வேண்டும். சொந்தமாகப் பெற 21 வயது நிறைய வேண்டும். ஐதராபாத் நகரில் உரிமம் வழங்குபவர் காவல் ஆணையர். 2016ஆம் ஆண்டின் விதிகள் பாதுகாப்புப் பயிற்சியையும் கேட்கின்றன. தோட்டாக்களையும் உரிமத்தில் குறித்த எண்ணிக்கைக்கு மேல் வாங்க இயலாது. ஏர் ரைபிளில் குழல் 4.5 மில்லிமீட்டருக்கும், குண்டின் வேகச் சக்தி 20 ஜூலுக்கும் மிகாதிருந்தால் உரிமம் தேவையில்லை. ஆயினும் அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கொடுத்து, ரசீதோடுதான் வாங்க வேண்டும்.

இவ்விடத்தில் என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்வதற்கு வெட்கமாக இருந்தாலும், பிறருக்குப் பயன்படும் என்பதால் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் பழைய நண்பர் ஒருவர் என்னைத் தம் வீட்டுக்கு அழைத்து, ஒரு டிரங்குப் பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே பழைய போர்வையில் சுற்றிய ஒரு பாயிண்ட் 22 போல்ட் ரைபிள்! மறைந்த தந்தையாருடையது. தந்தை இருந்தவரை உரிமம் இருந்தது. அவர் காலமாகி ஆறு ஆண்டுகள் ஓடிவிட்டன. பெட்டியை யாரும் திறக்கவில்லை. “உனக்குத்தான் இதில் ஆசை. உன்னால் முடிந்ததைக் கொடுத்து எடுத்துக்கொண்டு போ. பேப்பரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்றார். அவர் கேட்ட தொகை என் ஒரு மாதச் சம்பளத்தில் பாதிகூட இல்லை. பள்ளி நாள் முதல் நெஞ்சில் இருந்த ஆசை, போர்வைக்குள்ளிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தது. நாளை பணத்தோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இரவு சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னேன். அவள் சோற்றைப் பரிமாறிக்கொண்டே, “ஏங்க, ரசீது இல்லாத மூட்டையை நீங்க வண்டியில ஏத்துவீங்களா?” என்று கேட்டாள். அவ்வளவுதான். இருபது ஆண்டுகளாக ரசீது இல்லாத ஒரு கூடை மாம்பழத்தையும் ஏற்ற மறுத்தவன், உரிமம் இல்லாத ரைபிளைத் தோளில் சுமந்து காலனிக்குள் கொண்டுவர இருந்தேன்! பிடிபட்டால் சிறை, உத்தியோகம் போகும், குவார்ட்டர்ஸ் போகும், அரும்பாடுபட்டுப் படிக்கும் மகளின் கதி என்ன? அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாள் நண்பரிடம் பணத்தோடு போகவில்லை, செய்தியோடு போனேன். உரிமம் பெற்றவர் மறைந்தால் வாரிசுகள் தாமதமின்றி ஆயுதத்தைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும் என்று அறிந்துவந்து சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. “ஆறு வருடம் என்ன செய்தாய் என்று கேட்பார்களே?” என்றார். “கேட்கட்டும், ஏழாவது வருடமும் சேர வேண்டாம்” என்றேன். இருவருமாக முதலில் தகவல் எழுதிக் கொடுத்து, அவர்கள் சொன்னபடி ஒப்படைத்தோம். அலைச்சல் இருந்தது, அவமானம் இருந்தது, ஆனால் நண்பர் அன்றிரவு உறங்கினார். இங்கே அமர்ந்திருப்போர் வீட்டிலும் தாத்தா காலத்துத் துப்பாக்கி ஏதேனும் பெட்டியில் கிடந்தால், நாளைக் காலையிலேயே அந்த வேலையைப் பாருங்கள்.

பின்னர் ஒருநாள், அந்த ரைபிளின் போல்ட்டைக் கழற்றி, பின்புறத்திலிருந்து குழலை வெளிச்சத்திற்குக் காட்டிப் பார்த்தார் வணிகர். என்னையும் பார்க்கச் சொன்னார். உட்புறத்துச் சுழல் வரிகள் கண்ணாடிபோல் மின்ன வேண்டிய இடத்தில் செம்மண் பூத்திருந்தது. ஆறு மழைக்காலம் போர்வையின் ஈரத்திலே கிடந்தது அல்லவா? “இது காட்சிக்கு வைக்கலாம், குறிக்கு உதவாது” என்றார். மலிவு என்று நான் மயங்கிய பொருள், கேட்ட விலைக்கும் தகுதியற்றது. கேட்டதும் எனக்கு அழுகை வந்ததா சிரிப்பு வந்ததா என்று இன்றுவரை விளங்கவில்லை.

அந்த அனுபவத்தால் கற்றதையும், தளத்துப் பெரியவர்கள் சொல்லித் தந்ததையும் உரிமம் பெறும் தகுதியுள்ளோருக்குச் சொல்கிறேன்.

முதலாவது, கட்டையின் அளவு. முழங்கையை மடக்கி, கட்டையின் அடியை முழங்கையின் உட்புறத்தில் வைத்தால், சுட்டுவிரல் விசையை வருத்தமின்றித் தொட வேண்டும். அண்ணனுக்கு வாங்கியதைத் தங்கைக்குக் கொடுத்தால், சட்டை பொருந்தாததுபோல் அதுவும் பொருந்தாது. இரண்டாவது, குழல். துருவும் உட்குழிவும் இருக்கக் கூடாது. குண்டு வெளியேறும் வாயின் விளிம்பில் நசுங்கல் இருந்தால் குறி கெடும். மூன்றாவது, போல்ட். அதில் பொறித்த எண் ரைபிளின் எண்ணோடும், ரைபிளின் எண் உரிமத்தோடும் ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். நான்காவது, விசை. இழுக்கும்போது இடையில் தடுக்காமல், ஒரே சீராக விடுபட வேண்டும்.

ஐந்தாவதுதான் பரீட்சை. ரைபிளை மணல் மூட்டைமேல் தாங்கவைத்து ஐந்து குண்டுகள் சுடுங்கள். அவை தாளின் நடுவில் விழாவிட்டாலும் கவலையில்லை. ஒன்றுக்கொன்று நெருங்கி விழுகின்றனவா என்பதே கேள்வி. நெருங்கி விழுந்தால் குறிமுள்ளைத் திருத்திக்கொள்ளலாம். சிதறி விழுந்தால், வேறொரு வகைத் தோட்டாவால் சுட்டுப் பாருங்கள். ஒரே ரைபிள் ஒருவகைத் தோட்டாவை விரும்பும், மற்றொன்றை வெறுக்கும். அப்போதும் சிதறினால் வணக்கம் சொல்லி வந்துவிடுங்கள்.

இன்னொன்று. பாயிண்ட் 22 தோட்டாவில் பற்றவைக்கும் மருந்து அடிவிளிம்பில் இருக்கிறது. போல்ட்டின் ஊசி அவ்விளிம்பையே தட்டுகிறது. தோட்டா இல்லாமல் விசையை இழுத்துக்கொண்டே இருந்தால், ரைபிளின் அமைப்பைப் பொறுத்து ஊசி குழலின் விளிம்பிலே மோதித் தேயலாம். வீட்டில் விளையாட்டாகத் தட்டிப் பார்ப்பதைத் தவிர்ப்பது நலம். ‘பாயிண்ட் 315’ ரைபிள் கிடைக்கிறதே, அதை வாங்கலாமே என்று சிலர் கேட்பதுண்டு. அது எட்டு மில்லிமீட்டர் குழல் கொண்ட பெரிய சாதி. தோளை இடிக்கும், தோட்டாவும் விலை. காகிதத்தைத் துளைக்கப் பீரங்கி எதற்கு?

செலவுக் கணக்கையும் பார்க்க வேண்டும். வாரம் 50 தோட்டா என்றால் ஆண்டுக்கு 2,600. ரைபிளின் விலை ஒருமுறை. தோட்டாவின் விலை வாரந்தோறும். அதோடு தளத்துக் கட்டணம். கச்சிபௌலியில், மத்தியப் பல்கலைக்கழக வளாகத்திலுள்ள அரசுச் சுடுதளத்திற்கு செகந்திராபாத்திலிருந்து சென்றுவரும் பஸ் செலவு. ஒருநாள் முழுதும் போகும் பொழுது. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்றனர் நம் பெரியோர். மாத வரவில் இவ்வளவையும் தாங்க முடியுமா என்று எழுதிப் பார்த்த பிறகே கடையின் படியேறுங்கள்.

ஆகவே பிள்ளைகளுக்கு நான் சொல்லும் வழி இது. ஓராண்டு பயிற்சிக் கழகத்தின் ஏர் ரைபிளிலேயே சுடட்டும். பத்து மீட்டர் ஏர் ரைபிள் தாளில் பத்து மதிப்பெண் தரும் புள்ளி அரை மில்லிமீட்டர்தான். அதைக் கண்டு சலிக்காத பிள்ளைக்கு, இரண்டாம் ஆண்டில் உள்நாட்டு ஏர் ரைபிள் ஒன்றை ரசீதோடு வாங்கலாம். இரண்டு மூன்று இலட்சம் விலையுள்ள வெளிநாட்டுப் போட்டி ரைபிளை எடுத்த எடுப்பில் நினைக்க வேண்டாம். ஸ்வப்னில் குசாலேயும் பல ஆண்டுகள் பயிற்சி பெற்ற பின்னரே, இரயில்வேச் சம்பளத்தில் சேமித்துத் தமக்கென ஒரு ரைபிள் வாங்கினார் என்று செய்தித்தாள்கள் எழுதின. கடலூரில் பிறந்து, நம்மைப்போல் ஊர் பெயர்ந்து, ஆமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோவில் உலகக் கோப்பைத் தங்கம் வென்றதும் ஏர் ரைபிளில்தான்.

தாய்மார்களுக்கும் ஒரு சொல். ஏர் ரைபிள் விளையாட்டுச் சாமான் அன்று. கண்ணைப் பறிக்க அரைக் கிராம் ஈயம் போதும். மொட்டை மாடியில் நின்று புறாவையும் கிளியையும் சுடவிடாதீர்கள். அது பாவம் மட்டுமன்று. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டப்படிக் குற்றமாகவும் முடியும். பாயிண்ட் 22 குண்டோ ஒன்றரைக் கிலோமீட்டர் வரை பாயக்கூடியது. அதற்கு இடம் மண்மேடு எழுப்பிய சுடுதளம் ஒன்றே. வீட்டில் ரைபிள் ஒரு பூட்டில், போல்ட் வேறொரு பூட்டில், தோட்டா மூன்றாவது பூட்டில் இருக்கட்டும்.

“இவ்வளவு சொல்கிறாயே, உன் ரைபிள் எது?” என்று நீங்கள் கேட்கலாம். அன்பர்களே, எனக்கு இன்றுவரை சொந்த ரைபிள் இல்லை. மகளுக்கு ஓர் உள்நாட்டு ஏர் ரைபிள் இருக்கிறது. அதன் ரசீது சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது. நான் மாதம் ஒரு ஞாயிறு அவளோடு போய், கழகத்து ரைபிளால் இருபது குண்டுகள் சுட்டு வருகிறேன். பக்கத்துத் தாளில் குண்டு விழுவது இப்போது நின்றுவிட்டது. திரும்பும் வழியில், பஸ்ஸில் அவள் தன் தாளையும் என் தாளையும் மடியில் வைத்து ஒப்பிட்டுக்கொண்டே வருவாள். பெரும்பாலும் அவளே வெல்கிறாள். அந்த ஞாயிற்றுக்கிழமையை எந்த டிரங்குப் பெட்டியிலிருந்தும் நான் விலைக்கு வாங்கியிருக்க முடியாது.