கொதித்த வண்டிக்கு என்ன நோய்?



தாராவியில் ஒருவர் பழைய பத்மினி கார் வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பன்வேலில் ஒரு கல்யாணம். மனைவி, மாமியார், இரண்டு பிள்ளைகளுடன் புறப்படுகிறார். சயான், செம்பூர், மான்குர்டு எல்லாம் தாண்டியாயிற்று. வாஷி பாலத்தில் நெரிசல். வண்டி ஊர்ந்து ஊர்ந்து போகிறது. சான்பாடா வரும்போது பானெட்டிலிருந்து ஆவி கிளம்புகிறது. வண்டியில் இழுவை இல்லை. என்ஜினில் 'டக் டக்' என்று சத்தம். ஓரம் கட்டி நிறுத்துகிறார்.

அடுத்த ஒரு மணி நேரம் முக்கியமானது. அவர் செய்கிற காரியத்தைப் பொறுத்துத்தான் செலவு சில நூறு ரூபாயோடு போகுமா, பல ஆயிரம் ஆகுமா என்பது தெரியும். அவசரப்பட்டால் முகமும் கையும் வெந்து போகும்.

முதலில் என்ஜினை நிறுத்த வேண்டும். "இன்னும் கொஞ்ச தூரம்தானே, ஓட்டிவிடலாம்" என்று நினைக்கக் கூடாது. பிறகு ஆவி அடங்கியதும் பானெட்டைத் திறக்கலாம். ஆனால் ரேடியேட்டர் மூடியைத் தொடக் கூடாது. வீட்டில் பிரஷர் குக்கர் இருக்கிறது. ஆவி அடங்கும் முன் அதன் மூடியை யாராவது திறப்பார்களா? ரேடியேட்டரும் அப்படித்தான். சாதாரணமாகத் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். மூடிக்குள் அழுத்தம் இருப்பதால் அதற்கு மேலும் சூடேறி நிற்கும். மூடியைத் திறந்ததும் மொத்தமும் பீறிட்டு அடிக்கும்.

அரை மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். மேல் ரப்பர் குழாயைக் கையால் அமுக்கிப் பிடிக்க முடிகிற அளவு ஆறட்டும். பிறகு கெட்டித் துணியைப் போட்டு, மூடியைக் கொஞ்சம் மட்டும் திருப்பி, காற்றை விட்டு, அப்புறம் திறக்கலாம்.

பச்சைத் தண்ணீரைச் சூடான என்ஜினில் கொட்டுவதும் ஆபத்து. கொதிக்கிற டீ ஊற்றிய கண்ணாடி கிளாசைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்தால் விரிசல் விடும். என்ஜினுக்கும் அதே கதிதான். நன்றாக ஆறிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றலாம். பக்கத்தில் கடற்கழி இருக்கிறதே என்று உப்புத் தண்ணீரை மொண்டு ஊற்றாதீர்கள். அது உள்ளே துருவும் அடைப்பும் உண்டாக்கும்.

ஊற்றும்போது ஒரு லிட்டர் பாட்டிலால் எண்ணி ஊற்ற வேண்டும். எத்தனை பாட்டில் பிடித்தது என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்ததற்கு இது நல்ல வேலை. வண்டி எப்போது சூடானது, நிற்கும்போதா ஓடும்போதா என்பதையும் எழுதலாம். சூடு காட்டும் முள்ளின் இரண்டு பக்கமும் 'சி', 'எச்' என்று இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். 'சி' குளிர்ச்சி, 'எச்' சூடு. முள் எப்போது 'எச்' பக்கம் போனது என்பதையும் குறித்துக்கொள்ளலாம். மிஸ்திரி கேட்கிற கேள்விகள் இவைதான்.

"தம்பி, நிக்கும்போது சூடாச்சா, ஓடும்போது சூடாச்சா?"

"ஜாம்ல நிக்கும்போதுதாண்ணே. ஓடினா கொஞ்சம் இறங்குது."

"அப்ப முதல்ல ஃபேன் பக்கம் பாப்போம்."

நல்ல மிஸ்திரி இப்படித்தான் பேசுவார். கேள்வி எதுவும் கேட்காமல் "ஹெட்டை இறக்கணும்" என்கிறவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

அவர் ஏன் அப்படிக் கேட்டார்? வண்டி ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேட்டரைக் குளிர வைக்கிறது. நிற்கும்போது காற்றுக்கு ஃபேன் மட்டும்தான் துணை. பத்மினியில் ஃபேனை ஒரு பெல்ட் சுற்றுகிறது. அந்தப் பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது. பெல்ட் தளர்ந்தால் இரண்டும் தளரும். மாருதி 800 போன்ற வண்டிகளில் ஃபேன் மின்சாரத்தில் ஓடும். அங்கே ஃபியூஸ், ஒயர், சுவிட்ச் என்று பார்க்க வேண்டும்.

ஓடும்போதுதான் சூடேறுகிறது என்றால் கதை வேறு. ரேடியேட்டர் உள்ளே உப்புப் படிந்து அடைத்திருக்கலாம். தெர்மோஸ்டாட் என்ற சிறிய கதவு திறக்காமல் மாட்டிக்கொண்டிருக்கலாம். என்ஜின் சூடானதும் அந்தக் கதவு தானாகத் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு அனுப்ப வேண்டும். அதை ஒரு பாத்திரத்தில் தண்ணீரில் போட்டு அடுப்பில் வைத்தால் போதும். தண்ணீர் கொதிப்பதற்குள் திறக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடலாம். சிலர் அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுகிறார்கள். அது வைத்தியம் இல்லை.

ஒழுக்கு என்றால் கண்டுபிடிப்பது சுலபம். ரப்பர் குழாய்களின் கிளிப், வாட்டர் பம்பின் அடிப்பக்கம், ரேடியேட்டரின் அடி, இந்த இடங்களில் ஈரமோ வெள்ளைக் கறையோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இனி, எல்லோரும் பயப்படுகிற இடத்துக்கு வருவோம். வண்டி ஆறிவிட்டது. தண்ணீர் ஊற்றியாயிற்று. சாவியைத் திருப்பினால் என்ஜின் கிளம்பவில்லை. அல்லது கிளம்பி, நான்கு சிலிண்டரில் ஒன்று வேலை செய்யாதது போல உதறுகிறது. உடனே "ஹெட் கேஸ்கெட் போச்சு" என்று சொல்லிவிடுவார்கள். போயிருக்கலாம். ஆனால் அதே போலத் தெரிகிற சின்ன நோய்கள் இரண்டு உண்டு.

ஒன்று ஈரம். ரேடியேட்டரிலிருந்து பீறிட்ட ஆவி டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலும் பிளக் ஒயர்களிலும் படிந்துவிடும். மின்சாரம் ஒழுங்காகப் போகாது. வண்டி உதறும். மூடியைக் கழற்றி உலர்ந்த துணியால் துடைத்தால் சரியாகிவிடும். செலவு ஒன்றும் இல்லை.

இன்னொன்று பெட்ரோல். அதிகச் சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகிவிடும். பம்பு ஆவியை இழுத்துக்கொண்டு நிற்கும், பெட்ரோல் வராது. கார்புரேட்டர் வைத்த பழைய வண்டிகளில் இது சகஜம். நன்றாக ஆறினால் வண்டி தானே கிளம்பும்.

இந்த இரண்டும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்பட வேண்டும். பத்மினியின் என்ஜின் 1089 சிசி, நான்கு சிலிண்டர். கீழே இரும்பு பிளாக், மேலே அலுமினிய ஹெட். நடுவில் மெல்லிய தகடு மாதிரி இருப்பதுதான் கேஸ்கெட். சூடேறினால் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அளவுக்கு மீறிக் கொதித்தால் ஹெட் கோணிவிடும். கேஸ்கெட் வழிவிட்டுவிடும். தண்ணீர் சிலிண்டருக்குள் போகும், அல்லது எண்ணெயில் கலக்கும்.

இதற்கு அடையாளங்கள் உண்டு. எண்ணெய் அளக்கும் கம்பியை இழுத்துப் பாருங்கள். எண்ணெய் பால் ஊற்றிய டீ நிறத்தில் இருந்தால் அந்த வண்டியை இனி ஸ்டார்ட் செய்யக் கூடாது, இழுத்துத்தான் போக வேண்டும். தண்ணீர் கலந்த எண்ணெயில் ஓட்டினால் பேரிங்கும் போய்விடும். எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் வெண்ணெய் போல ஒட்டியிருந்தால் பயம் இல்லை. அது வெறும் ஈரமாகவும் இருக்கலாம்.

அடுத்து, முழுக்க ஆறிய என்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்து, சற்றுத் தள்ளி நின்று பார்க்க வேண்டும். குமிழி விடாமல் வந்துகொண்டே இருந்தால் சிலிண்டர் காற்று தண்ணீருக்குள் வருகிறது என்று பொருள். புகைக்குழாயில் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தாலும் சந்தேகம்தான். மழைக்காலக் காலையில் சிறிது நேரம் வருகிற வெள்ளைப் புகை வேறு, அது எல்லா வண்டியிலும் வரும்.

நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி வரிசையாக வையுங்கள். மூன்று பிளக் பழுப்பாகவும் ஒன்று மட்டும் கழுவிவிட்டது போலப் பளிச்சென்றும் இருந்தால், அந்தச் சிலிண்டருக்குள் தண்ணீர் போகிறது. மிஸ்திரியிடம் கம்ப்ரெஷன் மீட்டர் இருந்தால் இன்னும் நிச்சயமாகத் தெரியும். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டிலும் அழுத்தம் குறைவாக இருந்தால், அந்த இரண்டுக்கும் நடுவில்தான் கேஸ்கெட் எரிந்திருக்கும்.

பத்மினி மும்பை குர்லாவில் தயாரான வண்டி. ஃபியட் 1100 என்ற பெயரில் 1964-இல் வந்து, 1974-இல் பத்மினி ஆனது. மும்பைத் தெருக்களில் கறுப்பு மஞ்சள் டாக்ஸியாகப் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது. டாக்ஸிக்கு 20 வயது வரம்பு உண்டு. அதனால் 2023 அக்டோபர் 30-ஆம் தேதியோடு கடைசிப் பத்மினி டாக்ஸியும் ஓய்வு பெற்றது. சொந்த உபயோகத்துக்கு வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சொல்லப்போனால் இதன் என்ஜினைத் தொட்டுப் பழகிய மிஸ்திரிகள்தான் குறைந்து வருகிறார்கள். அதனால் வண்டிக்காரரே கொஞ்சம் தெரிந்து வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

ஹெட்டை இறக்கித்தான் ஆக வேண்டும் என்றால், வெறும் கேஸ்கெட் மாற்றி மூடிவிடச் சொல்லக் கூடாது. நேரான ஸ்கேலை ஹெட்டின் மேல் வைத்து, கோணல் இருக்கிறதா என்று அளந்து காட்டச் சொல்ல வேண்டும். கோணல் இருந்தால் லேத் பட்டறையில் ஃபேஸிங் செய்ய வேண்டும். வண்டி கொதித்ததற்கான முதல் காரணத்தையும், அது பெல்ட்டோ, ரேடியேட்டரோ, பம்போ, கூடவே சரி செய்ய வேண்டும். இல்லாவிட்டால் புதுக் கேஸ்கெட்டும் அடுத்த நெரிசலில் எரியும்.

கழற்றிய பழைய கேஸ்கெட்டைத் தூக்கிப் போட விடாதீர்கள். கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வழி விட்ட இடம் கறுத்து, அரித்துப் போய் இருக்கும். எந்தச் சிலிண்டர் பக்கம் கறுத்திருக்கிறது, அன்று பளிச்சென்று இருந்த பிளக் எந்தச் சிலிண்டருடையது என்று உங்கள் காகிதத்தோடு ஒத்துப் பாருங்கள்.