"அந்த ரிப்போர்ட்டை மாத்திக் கொடுங்க"

இந்த வாரம் ஒன் சிகாகோ. பல பேர் ரொம்ப நாளா கேட்டுட்டே இருந்தீங்க. நான்தான் தள்ளிப் போட்டுட்டே வந்தேன். ஏன்னு கடைசியில சொல்றேன்.

பாக்காதவங்களுக்குச் சுருக்கமா. 2012 அக்டோபர்ல என்பிசி சேனல்ல சிகாகோ ஃபயர் ஆரம்பிச்சது. லா அண்ட் ஆர்டர் கொடுத்த டிக் வுல்ஃப் தான் இதுக்கும் தயாரிப்பாளர். ஃபயர்ஹவுஸ் 51, அங்க வேலை பாக்குற ஆளுங்க, அவ்வளவுதான் கதை. 2014 ஜனவரியில போலீஸ் பக்கம் சிகாகோ பி.டி., 2015 நவம்பர்ல ஆஸ்பத்திரி பக்கம் சிகாகோ மெட். நடுவுல 2017ல சிகாகோ ஜஸ்டிஸ்னு ஒரு கோர்ட் சீரியல் வந்து, ஒரே சீசன்ல மூட்டை கட்டிடுச்சு. இப்போ மிச்சம் இருக்கிற மூணையும் புதன்கிழமை ராத்திரி அடுத்தடுத்து போடுறாங்க. ஃபயர்ல தீயிலேர்ந்து தூக்கிட்டு வந்த ஆளை மெட்ல டாக்டர் பாப்பாங்க, தீ வச்சவனை பி.டி.ல தேடுவாங்க. நம்ம பாஷையில சொன்னா மூணு சர்வீஸ், ஒரே டேட்டாபேஸ். ஒரு இடத்துல ஒருத்தர் செத்தா மூணு இடத்துலயும் செத்திருக்கணும்.

செட் பத்தியும் ஒரு வரி. 51ஆ நாம வெளியிலேர்ந்து பாக்குறது நிஜமான ஸ்டேஷன், சிகாகோ தீயணைப்புத் துறையோட என்ஜின் 18. பி.டி.ல வர 21வது டிஸ்ட்ரிக்ட் கட்டடம் பழைய மேக்ஸ்வெல் ஸ்ட்ரீட் போலீஸ் ஸ்டேஷன். எண்பதுகள்ல வந்த ஹில் ஸ்ட்ரீட் ப்ளூஸ்லயும் அதே கட்டடம்தான். ஸ்க்வாட்ல டோனின்னு ஒருத்தர் பின்னாடி நிப்பார் பாருங்க, அவர் நிஜத்துலயே தீயணைப்பு வீரர். எனக்கு இந்த மாதிரி விஷயம்னா உயிர்.

சரி, மேட்டருக்கு வரேன். ஹாங்க் வாய்ட்.

பி.டி.ல இருந்து ஆரம்பிச்சவங்களுக்கு வாய்ட் ஹீரோ. கரகரன்னு ஒரு குரல், டீமுக்காக எதையும் செய்வார். ஆனா அவர் முதல்ல வந்தது ஃபயர் முதல் சீசன்ல, வில்லனா. அவர் பையன் ஜஸ்டின் குடிச்சிட்டு கார் ஓட்டி இன்னொரு கார்ல மோதிடுவான். அந்த வண்டியில இருந்த ஒரு சின்னப் பையனுக்கு இடுப்புக்குக் கீழ வேலை செய்யாம போயிடும். ஸ்பாட்ல இருந்தது லெஃப்டினன்ட் கேஸி. ஜஸ்டின் குடிச்சிருந்தான்னு அவர் ரிப்போர்ட்ல எழுதிட்டார். வாய்ட் வந்து நிக்கிறார். அந்த ரிப்போர்ட்டை மாத்திக் கொடுங்கன்னு. முதல்ல தன்மையா, அப்புறம் மிரட்டலா. கேஸி மாத்தலை. கடைசியில அன்டோனியோ டாசன்னு ஒரு டிடெக்டிவ் வாய்ட்டைக் கைது பண்ணுவார்.

அப்புறம் பி.டி. ஆரம்பிக்குது. வாய்ட் வெளிய வந்து இன்டெலிஜென்ஸ் யூனிட்டுக்குத் தலைவர். அவருக்குக் கீழ வேலை பாக்குறது யாரு? அதே அன்டோனியோ. ஸ்டேஷன் அடித்தளத்துல ஒரு கூண்டு இருக்கும், சந்தேகப்படுறவனை அங்க கூட்டிட்டுப் போய் அடிப்பாங்க. அதை நாம விசில் அடிச்சுப் பாத்தோம். ஆள் மாறலை, கேமரா நிக்கிற இடம்தான் மாறிச்சு. ஃபயர்ல கேமரா கேஸி வீட்டு வாசல்ல நின்னுச்சு, அதனால வாய்ட் பயமா தெரிஞ்சார். பி.டி.ல அவர் தோளுக்குப் பின்னாடி நிக்குது. ஷேர்டு யூனிவர்ஸ்னா எனக்கு நெருப்புலேர்ந்து ஆம்புலன்ஸ், ஆம்புலன்ஸ்லேர்ந்து ஆஸ்பத்திரின்னு போற கதை இல்ல. இந்தக் கேமரா மாற்றம்தான்.

இதையெல்லாம் நிஜ சிகாகோவைத் தள்ளி வச்சிட்டுப் பேச முடியலை. 2014 அக்டோபர் 20. லக்வான் மெக்டொனால்ட், 17 வயசு, கையில ஒரு சின்னக் கத்தி. ஒரு போலீஸ்காரர் 16 தடவை சுட்டார். ஸ்பாட்ல இருந்த போலீஸ்காரங்க எழுதின ரிப்போர்ட்ல பையன் கத்தியோட போலீஸ் மேல பாய வந்தான்னு இருந்துச்சு. போலீஸ் கார் கேமரா வீடியோ ஒரு வருஷத்துக்கு மேல வெளிய வரலை. கோர்ட் உத்தரவு போட்ட பிறகு 2015 நவம்பர் 24ல வந்துச்சு. அதுல பையன் விலகி நடந்து போறான். சிகாகோ மெட் முதல் எபிசோட் வந்து சரியா ஒரு வாரம் ஆகியிருந்துச்சு. அப்போ மேயரா இருந்த ராம் இமானுவேல், ஃபயர் முதல் எபிசோட்ல மேயராவே ஒரு சீன்ல வந்து போவார். இப்போ ரீவாட்ச் பண்ணா அந்த சீன் தொண்டையில மாட்டுது.

சுட்டவர் குற்றவாளின்னு 2018ல தீர்ப்பு வந்துச்சு. ரிப்போர்ட் எழுதி மறைச்சதா வழக்கு போடப்பட்ட மூணு பேர் 2019 ஜனவரியில விடுதலை ஆனாங்க. எனக்கு அந்த ரெண்டாவது செய்திதான் மனசுல நிக்குது.

காரணம் இதுதான். ரெண்டு வருஷம் முன்னாடி, நான் ஆன்-கால்ல இருந்த ஒரு ராத்திரி. ரெண்டு மணிக்கு அலர்ட். பேமென்ட் சர்வீஸ் படுத்துடுச்சு, எழுப்பி உட்கார வைக்க முக்கால் மணி நேரம் ஆச்சு. காரணம் எங்க டீம் லீட் ரிவ்யூ இல்லாம அவரே போட்ட ஒரு கான்ஃபிக். மறுநாள் போஸ்ட்மார்ட்டம் நான்தான் எழுதினேன். அம்மா பக்கத்துல இருந்தாங்க, "யாருடா செத்தா?"ன்னு பதறிட்டாங்க. அந்த வார்த்தைக்கு எங்க ஊர்ல வேற அர்த்தம் கிடையாது.

உள்ளதை உள்ளபடி எழுதினேன். மதியம் லீட் கூப்பிட்டார். "தம்பி, அந்த ஒரு லைனை மட்டும் கொஞ்சம் மாத்திடு. நம்ம டீம்டா." மிரட்டலை. மிரட்டியிருந்தா ஒருவேளை முடியாதுன்னு சொல்லியிருப்பேன். எங்கப்பா ஐசியூல இருந்தப்போ என் ஷிஃப்ட்டை மூணு ராத்திரி எடுத்துக்கிட்டவர் அவர். டீமுக்காக எதையும் செய்வார்.

மாத்தினேன். பக்கத்து டீம்ல ஒரு புதுப் பையன் அரை மணி நேரம் முன்னாடி எதையோ டிப்ளாய் பண்ணியிருந்தான், அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது. நான் பொய்யா எதுவும் எழுதலை. அவன் டிப்ளாய் பண்ண நேரத்தைத் தூக்கி முதல் வரியில வச்சேன், கான்ஃபிக்கைக் கீழ தள்ளி "பிற காரணிகள்"னு போட்டேன். மீட்டிங்ல அவனைத்தான் நிக்க வச்சுக் கேட்டாங்க. அவன் தன் லாக்ஸைத் திரும்பத் திரும்ப ஸ்க்ரோல் பண்ணிக் காட்டிட்டே இருந்தான். நான் மியூட்ல இருந்தேன்.

அன்னிக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து பி.டி. போட்டேன், பழக்க தோஷம். வாய்ட் கூண்டுக்குள்ள ஒருத்தனை இழுத்துட்டுப் போறார். அதுக்கு மேல பாக்க முடியலை. ஒரு வருஷம் இந்த சீரியல் பக்கமே போகலை.

திரும்பப் போனது ஏழாவது சீசன் கடைசி எபிசோடுக்காக, 2020 ஏப்ரல்ல வந்தது. கெவின் அட்வாட்டர்னு கறுப்பின ஆபீசர். இன்னொரு போலீஸ்காரரோட தப்பை மூடி மறைக்கப் பொய் சொல்லணும்னு எல்லாரும் நெருக்குறாங்க. அவர் மாட்டேன்னுடுறார். ராத்திரி அவர் வீட்டு வாசல்ல சக போலீஸ்காரங்களே வண்டியை நிறுத்திட்டு நிக்கிறாங்க. அவ்வளவுதான் முடிவு. இந்த ஃப்ரான்சைஸ்ல எதைப் பாக்கலாம்னு யாராவது கேட்டா நான் வெடிச்சு எரியிற எபிசோட் எதையும் சொல்ல மாட்டேன், ஃபயர் முதல் சீசனையும் இதையும் சேத்துப் பாருங்கன்னுதான் சொல்வேன்.

லீட் வேற கம்பெனி போயிட்டார். அந்த டாக்குமென்ட் இன்னும் விக்கியில என் பேர்லதான் இருக்கு. போன மாசம் எடிட் பண்ணி, வரிசையைச் சரி பண்ணி, கீழ ஒரு குறிப்பும் போட்டேன், யார் மாத்தினது, எப்போன்னு. மேனேஜர் இப்போ எதுக்குன்னு கேட்டார், சொன்னேன். அந்தப் பையனும் அதுக்கு முன்னாடியே வேற வேலைக்குப் போயிட்டான். லிங்க்கோட சேத்து ஒரு மெசேஜ் அனுப்பினேன். ப்ளூ டிக் வந்துச்சு. பதில் வரலை.

அடுத்த வாரம் சிகாகோ மெட் பாத்த ஒரு நிஜ டாக்டரோட உக்காந்து பேசப் போறேன். கேள்வி இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க.