தாத்தா பாட்டியின் பெயரைத் தேடி எடுங்கள்

(தோட்டங்களை விட்டு வெளியேறிய குடும்பங்களின் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முதலில் உங்களிடம் ஒரு கேள்வி. உங்கள் தாத்தாவின் அப்பா பெயர் என்ன? அவர் எந்த ஊரிலிருந்து வந்தார்? எந்தத் தோட்டத்தில் பால் மரம் வெட்டினார்? எங்கே புதைத்தார்கள்?

இங்கே பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. வெட்கப்பட வேண்டாம். எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. நம்மிடம் யாரும் கேட்டதில்லை, நாமும் கேட்டதில்லை. ஆனால் பதிவு இலாகா கவுண்டரில் ஒருநாள் கேட்பார்கள். அன்றைக்குப் பதில் இல்லை என்றால் நாம்தான் கஷ்டப்படுவோம்.

என் அத்தையின் கதையைச் சொல்கிறேன். வடக்குப் பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் 1949இல் பிறந்தவர். லயத்து வீட்டில் பிரசவம், பார்த்தது மருத்துவச்சி. யாரும் போய்ப் பதியவில்லை. அடையாளக் கார்டு எடுக்கப் போனபோது பிறப்புப் பத்திரம் இல்லை. யாரோ ஒருவர் ஃபாரத்தில் "இந்தியாவில் பிறந்தவர்" என்று எழுதிவிட்டார். சிவப்புக் கார்டு கொடுத்தார்கள். அத்தை இந்தியாவைக் கண்ணால் கண்டதில்லை. நாற்பது வருடம் பால் மரம் வெட்டினார், பிள்ளைகளைப் பெற்று வளர்த்தார். தேர்தலில் ஓட்டு மட்டும் கிடையாது.

நீலக் கார்டு கேட்டு இரண்டு முறை போனார். "இங்கே பிறந்ததற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அரசமைப்புச் சட்டத்தின் 16ஆம் பிரிவு இப்படிச் சொல்கிறது: மெர்டேக்கா நாளான 31.8.1957க்கு முன் இந்தக் கூட்டரசில் பிறந்து, 18 வயது நிறைந்தவர், குடிமகனாகப் பதிந்துகொள்ள உரிமை உடையவர். நிபந்தனைகளும் உண்டு. மனுவுக்கு முந்திய 7 வருடத்தில் 5 வருடமாவது இங்கே வசித்திருக்க வேண்டும், நிரந்தரமாக இங்கேயே வாழும் எண்ணம் இருக்க வேண்டும், நன்னடத்தை வேண்டும், அடிப்படை மலாய் தெரிய வேண்டும். மெர்டேக்கா நாளிலிருந்து 1962 செப்டம்பர் முடிய இங்கே பிறந்தவர்களுக்கு இன்னும் எளிது. மிகச் சில விதிவிலக்கு தவிர, அவர்கள் சட்டப்படியே குடிமக்கள்.

ஆக, எல்லாம் எங்கே பிறந்தார் என்பதில் வந்து நிற்கிறது. அதைக் காட்டத்தான் நம்மிடம் காகிதம் இல்லை.

மக்கள்தொகைக் கணக்கு

"அந்தக் காலத்தில் ஜனத்தொகைக் கணக்கு எடுத்தார்களே, அதில் பெயர் இருக்காதா?" என்று ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. வெள்ளைக்காரன் 1911, 1921, 1931, 1947 ஆகிய வருடங்களில் மலாயாவில் கணக்கெடுத்தான். 1957இலும் எடுத்தார்கள். அந்த அறிக்கைகள் தடித்த புத்தகங்களாக அச்சில் வந்திருக்கின்றன. தமிழர் எத்தனை, தெலுங்கர் எத்தனை, மலையாளி எத்தனை, ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று அதில் இருக்கும். பெயர் இருக்காது. நம் தாத்தா அதில் ஒரு எண், அவ்வளவுதான்.

இருந்தாலும் அந்தப் புத்தகங்கள் ஒரு பெரிய உண்மையைச் சொல்கின்றன. 1931இல் மலாயா இந்தியர்களில் ஐந்தில் ஒருவர்தான் இங்கே பிறந்தவர். 1947இல் ஏறக்குறைய பாதிப் பேர். 1957இல் ஏறக்குறைய மூன்றில் இருவர். அதாவது சுதந்திரம் கிடைத்த அன்றைக்கே நம்மில் பெரும்பாலோர் இந்த மண்ணில் பிறந்தவர்கள். "வந்தவர்கள்" என்று இனி யாராவது சொன்னால் அரசாங்கத்தின் கணக்கையே எடுத்துக் காட்டுங்கள்.

ஆனால் கவுண்டரில் அது போதாது. அங்கே ஒவ்வொருவரும் தன் பெயரைக் காட்ட வேண்டும். பெயர் இருப்பது வேறு இடங்களில்.

மயானத்தில் இருப்பது

அத்தை விஷயத்தில் வழி திறந்தது தோட்டத்து மயானத்தில். செம்பனை நட்டு, பாதி மயானம் காடாகிவிட்டது. அங்கே அத்தையின் தம்பிக்கு ஒரு சிறிய சிமெண்டுக் கல் இருந்தது. குழந்தையாகவே 1953இல் இறந்தவன். ஈரச் சிமெண்டில் ஆணியால் எழுதியிருந்தார்கள்: பிள்ளை பெயர், அப்பா பெயர், தோட்டத்தின் பெயர், வருடம்.

அதைப் பார்த்துத்தான் ஒரு விஷயம் தெரிந்தது. வீட்டிலும் செக்ரோலிலும் தாத்தாவுக்கு ஒரு பெயர், கல்லில் வேறு பெயர். கல்லில் இருந்தது அவருடைய ஞானஸ்நானப் பெயர். நாங்கள் அதுவரை தப்பான பெயரை வைத்துத் தேடிக்கொண்டிருந்தோம்.

கல்லை எப்படிப் படிப்பது? எழுத்து மங்கியிருந்தால் சுத்தமான தண்ணீர் ஊற்றுங்கள். கம்பியால் சுரண்டாதீர்கள், எழுத்தே போய்விடும். காலையிலோ சாயங்காலமோ, வெயில் சாய்வாக விழும்போது போட்டோ எடுங்கள். உச்சி வெயிலில் ஒன்றும் தெரியாது. கல்லை மட்டும் எடுக்காமல் பக்கத்துக் கல், மயானத்து வாசல், சுற்றுப்புறம் எல்லாம் தெரியும்படியும் எடுங்கள். கல் எங்கே இருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி.

"தோற்றம்" என்றால் பிறந்தது, "மறைவு" என்றால் இறந்தது. வருடம் தமிழ் எண்ணில் ௧௯௪௭ என்றும் இருக்கலாம். "சர்வஜித் வருடம் தை மாதம்" என்று மட்டும் இருந்தால் குழம்ப வேண்டாம். 60 வருடத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும். சர்வஜித் 1887இலும் வந்தது, 1947இலும் வந்தது, 2007இலும் வந்தது. சித்திரையில் வருடம் தொடங்குவதால் 1947இல் தொடங்கிய சர்வஜித்தின் தை, ஆங்கிலக் கணக்கில் 1948 ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடு வரை. சில கற்களில் ஜில்லா, தாலுகா, கிராமம் கூட இருக்கும். அது உங்கள் பூர்வீக ஊர்.

இந்துக் குடும்பங்களில் தகனம் செய்திருந்தால் கல் இருக்காது. அப்போது கோயிலுக்குப் போங்கள். மணியில், உண்டியலில், தூணில் "உபயம்" என்று பெயரும் வருடமும் இருக்கும். கருமாதிப் பத்திரிகையைப் பெட்டியில் தேடுங்கள். முஸ்லிம் குடும்பங்கள் மையவாடியில் மீசான் கல்லைப் பாருங்கள்.

கல்லே இல்லாதவர்களும் நம்மில் உண்டு. 1942, 43இல் ஜப்பான்காரன் சயாம் மரண ரயில் போடக் கொண்டுபோன நம் ஆட்கள். காஞ்சனபுரியில் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 7,000 பேருக்கு வரிசையாகக் கல் வைத்துப் பராமரிக்கிறார்கள். நம் தோட்டத்து ஆட்களுக்கு அப்படிப் பெயர் போட்ட கல் வரிசை இல்லை. உங்கள் வீட்டில் அப்படிப் போய்த் திரும்பாதவர் இருந்தால், பெயரையும் தோட்டத்தையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். அதுதான் அவருக்குக் கல்.

மாதாகோயில் பதிவேடு

சரியான பெயர் கிடைத்ததும் பட்டணத்து மாதாகோயிலுக்குப் போனோம். தோட்டத்துச் சிற்றாலயத்தில் பதிவேடு இருக்காது. பாதிரியார் தோட்டம் தோட்டமாகப் போய் ஞானஸ்நானம் கொடுத்துவிட்டு, பங்குக் கோயிலில்தான் எழுதிவைப்பார். அதனால் உங்கள் தோட்டம் எந்தப் பங்கைச் சேர்ந்தது என்று முதலில் கேளுங்கள்.

கத்தோலிக்கப் பதிவேடுகள் 1960கள் வரை பெரும்பாலும் லத்தீனில் இருக்கும். பயப்பட ஒன்றுமில்லை. "நாட்டுஸ்" அல்லது "நாட்டா" என்றால் பிறந்தார். "ஃபிலியுஸ்" மகன், "ஃபிலியா" மகள். "பட்ரினுஸ்", "மட்ரினா" என்றால் ஞானத் தகப்பன், ஞானத் தாய். இவ்வளவு தெரிந்தால் போதும். ஞானஸ்நானத் தேதிக்குப் பக்கத்தில் பிறந்த தேதியும் இருக்கும். இன்னொன்று, ஓரத்தைக் கவனியுங்கள். பிற்பாடு கல்யாணம் எந்தக் கோயிலில், எந்தத் தேதியில் நடந்தது என்று அங்கே குறித்திருப்பார்கள். ஒரு வரியிலிருந்து அடுத்த ஊருக்கு வழி கிடைக்கும். ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், லூத்தரன் சபைகளிலும் பதிவேடு உண்டு.

அத்தையின் பெயர் இருந்தது. பிறந்த தேதி, அப்பா, அம்மா, தோட்டம், எல்லாம் மூன்றே வரியில். கோயில் எழுத்தர் படித்துச் சொன்னபோது அத்தை கேட்டது ஒன்றுதான்: "எங்கம்மா பேரும் இருக்காய்யா?" இருந்தது.

மாதாகோயில் இல்லாத குடும்பத்துக்குத் தமிழ்ப்பள்ளிதான் மாதாகோயில். சேர்க்கைப் பதிவேட்டில் பிறந்த தேதியும் தகப்பன் பெயரும் இருக்கும். தோட்டம் மூடியிருந்தாலும் பள்ளி வேறு இடத்துக்கு மாறியிருக்கலாம், அங்கே கேளுங்கள். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் புத்தகம், செக்ரோல் புத்தகம் எங்கே போயின என்று பழைய கிராணிகளைக் கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஒரே ஆளை ஒருவர் முனியன் என்றும், இன்னொருவர் மூனியன் என்றும், மூன்றாமவர் முனியாண்டி என்றும் எழுதியிருப்பார். கிராணி காதில் விழுந்ததுதான் எழுத்து. எந்தப் பதிவையும் நீங்களாகத் திருத்தாதீர்கள். இருப்பது இருக்கிறபடியே நகல் எடுத்து, மூவரும் ஒருவரே என்று சத்தியப் பிரமாணப் பத்திரம் செய்யுங்கள். நகலில் கோயில் அல்லது பள்ளியின் முத்திரையும் கையெழுத்தும் வாங்குங்கள்.

இதையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். கல்லும் பதிவேடும் பிறப்புப் பத்திரம் ஆகாது. அவை துணை ஆதாரங்கள். முடிவு இலாகாவின் கையில்தான். அத்தையின் மனு இன்னும் முடியவில்லை. ஆனால் ஃபாரத்தையே வாங்க மறுத்த இடத்தில், இந்த முறை வாங்கி, ரசீது கொடுத்திருக்கிறார்கள். வழக்கறிஞரிடம் காட்டினாலும், "என்னிடம் ஒன்றுமில்லை" என்று போவதற்கும் ஒரு கோப்போடு போவதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

என்ன செய்ய வேண்டும்?

இந்த வாரமே வீட்டில் மூத்தவரிடம் உட்காருங்கள். பெயர், பட்டப்பெயர், ஊர், தோட்டம், கங்காணி பெயர், கப்பல், எல்லாவற்றையும் எழுதுங்கள். தோட்டத்துக்கு நாம் கூப்பிடும் தமிழ்ப் பெயரையும் ஆபீஸ் பெயரையும் இரண்டையும் குறியுங்கள். ஆபீஸ் பதிவில் நம் பெயரைச் சொல்லித் தேடினால் கிடைக்காது.

அடுத்த விடுமுறையில் மயானத்துக்குப் போங்கள். தோட்டம் விற்றுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டால் அன்றைக்கே போங்கள். புல்டோசர் வந்த பிறகு போய்ப் பயனில்லை. பிறகு கோயில், பள்ளி. கிடைத்ததில் மூன்று பிரதி எடுத்து மூன்று வீட்டில் வையுங்கள். நெருப்பும் வெள்ளமும் ஒரே நாளில் மூன்று வீட்டுக்கு வராது.

மூன்று தலைமுறை உழைப்பு இந்த மண்ணில் கிடக்கிறது. அதற்குச் சாட்சி சொல்லக்கூடிய கிழவர் கிழவிகள் இன்னும் சிலர்தான் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் கேளுங்கள்.