விளையாட்டும் விமர்சகரும்

கணினி விளையாட்டுகளைக் குறித்த விமர்சனங்களை இருபத்தைந்து ஆண்டுகளாகப் படித்து வருபவன் நான். அந்நாளில் விமர்சகர் பரீட்சை அதிகாரியைப் போன்றவர். சித்திரங்களுக்கு இத்தனை, ஒலிக்கு இத்தனை என்று மதிப்பெண் இடுவார். எத்தனை மணி நேரம் ஆடலாம் என்றும் கணக்குச் சொல்வார். மதிப்பெண் இடாத விமர்சனத்தைச் சோம்பல் என்றே கருதினேன்.

2023இல் கானடாவிலிருந்து ‘வெண்பா’ வெளிவந்தது. 1980களில் அங்குக் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை. இட்டலி வார்ப்பதும் அதில் ஓர் ஆட்டம். இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். பழைய கணக்கில் தேறாது. விமர்சகர்களோ, அன்னையின் தமிழ்ச் சமையற்குறிப்பைப் படிக்கத் தடுமாறும் மகனைப் பற்றி எழுதினார்கள். மிகையென்று நினைத்தேன்.

அலிப்பூர் இல்லத்தில் என் மகன் அதை ஆடினான். “இது என்ன எழுத்து, அப்பா?” என்று வங்காளியில் வினவினான். மொழிபெயர்ப்பே என் பிழைப்பு! ஓரெழுத்தைச் சொல்லிக்கொடுத்தேன், அடுத்ததைத் தொடங்குமுன் அவன் ஆட்டத்திற்குத் திரும்பிவிட்டான்.